எக்கோ போட்ட குரல்

ஜூன் 16

இன்றைக்கு மதுரையில், என் பெண்டாட்டி தவமணியின் தொண்டையைப் பார்த்த டாக்டரோடு சண்டை போட்டுவிட்டேன். மனுஷன் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்! "கட்டி கெட்ட கட்டிதான். மருந்துல கரையாது. குரல்வளையை முழுசா எடுத்துரலாம்." எடுத்துரலாமாம். ஆம்ப்ளிஃபயரில் ஃப்யூஸ் போனால் நான் இப்படித்தான் சொல்வேன்.

"அப்ப பேச்சு?" என்று கேட்டேன்.

"பேச்சு வராது. கழுத்துல ஒரு துளை போட்டுருவோம், அது வழியாதான் மூச்சு. உங்களுக்கு ஆள் வேணுமா, குரல் வேணுமா?"

ரெண்டும் வேணும் என்று கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தவமணிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "தேதி சொல்லுங்க சார்" என்று அந்தக் கரகரத்த தொண்டையோடு டாக்டரிடம் கேட்டாள். ஜூலை பதினொன்று என்றார்.

அவள் அறிவியல் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டீச்சர். பேசித்தான் சம்பளம் வாங்குகிறாள். நான் அருப்புக்கோட்டையில் மைக்செட் கடை வைத்திருப்பவன். இந்த வீட்டில் சத்தம் இல்லாமல் ஒரு நாள் போனதில்லை. பிள்ளைகள் இல்லாத குறையை நாங்கள் இரண்டு பேரும் பேசியே தீர்த்துக்கொண்டோம்.

பஸ்ஸிலும் நான் ஓயாமல் புலம்பிக்கொண்டு வந்தேன். "எல்லாத்தையும் என்கிட்டயே கத்தாதீங்க. வீட்டுல புது டைரி சும்மா கிடக்கு, அதுல போய்க் கத்துங்க" என்றாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி எனக்கு எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது.

ஜூன் 17

கடை திறக்கவில்லை.

ஜூன் 20

நஸ்ரின் வந்திருந்தாள். தவமணியிடம் படித்த பெண், மதுரையில் கம்ப்யூட்டர் வேலை. டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

"டீச்சர், உங்க குரலை இப்பவே பதிவு பண்ணிரலாம். அதை வச்சு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தா, அப்புறம் நீங்க போன்ல எழுத எழுத, அது உங்க குரல்லயே பேசும்."

"எவ்வளவு ஆகும்?" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது சார். இது கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கலாம்."

"ஓசியா? ஓசியில குடுக்குறதுல என்ன இருக்கும்?"

தவமணி என்னை முறைத்தாள். நஸ்ரின் சிரித்துக்கொண்டே விளக்கினாள். நிறைய வாக்கியங்கள் படிக்க வேண்டுமாம். அதற்குப் பொதுவில் கிடைக்கும் பள்ளிப் பாடங்களையே கொண்டு வந்திருக்கிறாள். பாலைவனத்தில் விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதில் ஆரம்பித்து, கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்பதுவரை ஏகப்பட்ட பாடங்கள். எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று என் போனுக்கு ஒரு குறிப்பும் அனுப்பியிருக்கிறாள். மைக்கை இந்தத் தூரத்தில் பிடி, ஃபேனை அணை என்று. முப்பது வருஷமாக மைக் பிடிக்கிறவனுக்குச் சொல்லித் தருகிறாள்! பாதிக்கு மேல் படிக்கவில்லை.

ஆனால் இன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஜூன் 23

காலையில்தான் அவளுக்குக் குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. பதினோரு மணிக்கெல்லாம் கட்டிக்கொள்கிறது. கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, போனை வைத்துப் பதிவு செய்கிறோம். நேற்று ஒட்டகம், இன்று பல்லி.

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கொழுப்பாம். "உங்களுக்கு அது உடம்பு முழுக்க இருக்கு" என்றாள் தவமணி. அதையும் போன் பதிவு செய்துவிட்டது. அழி என்றாள். நான் அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஜூன் 24

போனில் பதிவானதைக் கேட்டுப் பார்த்தேன். டப்பாவுக்குள் பேசுவதைப் போல இருக்கிறது. இதுவா தவமணி குரல்? காலை வணக்கக் கூட்டத்தில் மைக் இல்லாமல் அவள் பேசினால் தெருமுனை டீக்கடையில் கேட்கும். இந்தச் சொத்தைக் குரலையா ஆயுசுக்கும் கேட்க வேண்டும்? நாளையிலிருந்து என் மைக்செட் மிக்சரிலேயே போடுகிறேன்.

ஜூன் 25

பெரிய மைக், மிக்சர், ஹெட்போன் எல்லாம் கட்டிவிட்டேன். எக்கோவை அளவாக ஏற்றி, அடிக்குரலுக்குக் கொஞ்சம் கனம் கொடுத்தேன். ஆஹா! அந்தக் கரகரப்பெல்லாம் மறைந்து பழைய தவமணி வந்துவிட்டாள். ஹெட்போனைக் கழற்ற மனசே வரவில்லை.

அவளுக்கும் போட்டுக் காட்டினேன். "கோயில்ல பேசுற மாதிரி இருக்கே" என்றாள்.

"கணீர்னு இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. நீங்க சிரிச்சு எத்தனை நாளாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

எக்கோ இல்லாமல் மைக்கைக் கையில் கொடுத்தால், செட்டே சரியில்லை என்பார்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். நஸ்ரினுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. எல்லாவற்றையும் முடித்து மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்து அசத்த வேண்டும்.

ஜூன் 29

தவளை, தேவாங்கு, எறும்புத்தின்னி. நடுவில் இருமி இருமி ரத்தம் வந்தது. நிறுத்திவிடலாம் என்றேன். "எறும்புத்தின்னி சுருண்டு உட்கார்ந்திருக்கு, அதை அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஜூலை 2

இன்று திமிங்கலம். அதற்கு மூச்சுத்துளை தலைக்கு மேல் இருக்கிறது. மூச்சு போகும் வழி வேறு, சாப்பாடு போகும் வழி வேறு. அதனால் அதற்குப் புரையேறாதாம்.

படித்து முடித்து, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "பாத்தீங்களா, ஆபரேஷனுக்கப்புறம் நானும் இப்படித்தான். பெரிய பெரிய ஜீவனுக்கெல்லாம் இருக்கிற வசதி."

நான் மிக்சரில் ஏதோ பழுது பார்ப்பதுபோல முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். தூசி கண்ணில் பட்டுவிட்டது. குடோனைப் பெருக்க வேண்டும்.

ஜூலை 5

கடைசிப் பாடத்தில் சண்டை. கட்டற்ற மென்பொருளை யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று படித்தாள். படித்துவிட்டு, தன் குரலையும் அப்படிப் பொதுவில் கொடுத்துவிடலாம் என்கிறாள்.

"யாருன்னே தெரியாதவன் வீட்டுல நீ பேசிக்கிட்டு இருப்பியா?"

"பேச முடியாத புள்ளை ஒண்ணு எங்கேயாவது இருக்கும்ங்க. அதுக்குன்னு ஒரு குரல் வேணும்ல."

"எனக்கு?"

அவள் ஏதோ சத்தமாகச் சொல்ல வாயெடுத்தாள். சத்தமாகப் பேசினால் மூச்சில் விசில் கேட்கிறது. கேட்டதும் நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆபரேஷன் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அப்புறம் எப்படிப் பேசுவது.

ஜூலை 8

எல்லாப் பாடமும் முடிந்தது. பென் டிரைவில் போட்டு, நானே மதுரைக்குப் போய் நஸ்ரின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் ஆபீசில் எல்லோரும் சின்னஞ்சிறுசுகள். "கேட்டுப் பாரும்மா, அசந்துருவே" என்றேன்.

ஜூலை 9

நான் செத்துப்போயிருக்கலாம்.

காலையில் நஸ்ரின் போன் செய்தாள். முதலில் தயங்கித் தயங்கிப் பேசினாள். "சார், எக்கோ இல்லாத ஒரிஜினல் இருக்கா?"

"எக்கோவோடதான் ஒரிஜினல். மிக்சர்லயே ஏத்திட்டேன்."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். எக்கோ இருந்தால் ஒவ்வொரு சொல்லின் மேலும் அதற்கு முந்தைய சொல் வந்து ஒட்டிக்கொள்கிறதாம். கம்ப்யூட்டரால் பிரிக்க முடியாது. எதையும் சேர்க்க வேண்டாம் என்று அந்தக் குறிப்பிலேயே இருந்ததாம். எக்கோவை மட்டும் கழுவி எடுக்கப் பார்த்தாளாம், அதோடு குரலும் சேர்ந்து போகிறதாம்.

"முதல் ரெண்டு நாள் போன்ல எடுத்தது மட்டும் நல்லா இருக்கு சார். ஒட்டகமும் பல்லியும். அது பத்தாது. இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல, டீச்சரால முடிஞ்ச அளவு திரும்பப் படிக்கச் சொல்லுங்க. போன்லயே எடுங்க."

போனைப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். தவமணி சமையலறையில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இழுக்கும்போது அடைத்த பம்ப் மாதிரி சத்தம். உதடெல்லாம் நீலம். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸ் மதுரை போய்ச் சேருவதற்குள் என் கையில் அவள் நகம் பதிந்துவிட்டது. போனவுடன் கழுத்தைக் கீறிக் குழாய் வைத்துவிட்டார்கள்.

மூச்சு வந்துவிட்டது. குரல் போய்விட்டது. நாளைக்கும் இல்லை, நாளை மறுநாளும் இல்லை. முடிந்தது.

ஜூலை 10

நர்ஸிடம் பேப்பர் வாங்கி எழுதிக் காட்டினாள். "நஸ்ரின் கேட்டாளா? நல்லா இருக்காமா?"

தலையை ஆட்டினேன். பிரமாதம் என்றேன். கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். நாளைக்கு ஆபரேஷன். நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் சொன்னேன். வேறு எதற்கும் இல்லை.

ஜூலை 11

ஆபரேஷன் முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். நான் கும்பிட்டேன். அன்றைக்கு அவரை என்னென்ன சொன்னேன்! "பொழச்சுட்டாங்கல்ல, போங்க, ஏதாவது சாப்பிடுங்க" என்றார்.

வெளியே வந்து டீ வாங்கினேன். குடிக்க முடியவில்லை, அப்படியே சாக்கடையில் ஊற்றினேன். டீக்கடைக்காரர் டீ சரியில்லையா என்று கேட்டார்.

ஜூலை 14

சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி.

ஜூலை 17

"குரல் எப்ப ரெடியாகும்?" சிலேட்டில்.

"அவங்களுக்கு நிறைய வேலையாம். கொஞ்சம் நாளாகும்."

"லீவு முடிஞ்சு வகுப்புக்குப் போனதும் முதல்ல திமிங்கலப் பாடம்தான்" என்று எழுதினாள். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் அதைக் காட்டினாள். இவள் தன் குரலிலேயே பாடம் நடத்தப்போகிறாளாம், கம்ப்யூட்டர் பேசுமாம் என்று நான்தான் பாட்டிக்கு உரக்கப் படித்துச் சொன்னேன். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் வாயில் புற்று வரக் கூடாதா.

ஜூலை 22

நஸ்ரினைப் பார்க்கப் போனேன். காலில் விழாத குறை. "ஏதாவது பண்ணும்மா. அஞ்சாறு வார்த்தை வந்தாலும் போதும்."

"நானே முதல்லயே ஒரு நாள் வந்து பாத்திருக்கணும் சார்" என்று அவள் தன்னைத் திட்டிக்கொண்டாள். எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஒரு வழி சொன்னாள். சேலத்தில் யாரோ ஒரு பெண் தன் குரலை நிறையப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் கொடுத்திருக்கிறாளாம். அந்தக் குரலை அடியில் வைத்து, அதன்மேல் தவமணியின் ஒட்டகத்தையும் பல்லியையும் ஏற்றிப் பார்க்கலாம். "பாதி டீச்சர் மாதிரி வந்தாலே பெரிசு. ஆனா டீச்சர்கிட்ட நீங்க உண்மையைச் சொல்லிருங்க சார். அவங்க கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

ஜூலை 26

சொல்லிவிட்டேன்.

மூக்குக் குழாயை இன்று எடுத்தார்கள். முதல்முதலாக வாயால் தண்ணீர் குடித்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எல்லாமேவா?" என்று எழுதினாள்.

"ஒட்டகமும் பல்லியும் இருக்கு."

அவள் அழிக்கவில்லை. அந்த "எல்லாமேவா"வையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே எழுதினாள். "ரத்தம் வரப் படிச்சேனே."

"உன் பழைய குரல் மாதிரி கேட்டுச்சு தவம். அதுக்குத்தான்..."

சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தமே வரவில்லை. அழுகைக்குக்கூடச் சத்தம் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலை 30

வீட்டுக்கு வந்துவிட்டோம். சிலேட்டை அவள் தொடவில்லை. பேச முடியாததால் பேசவில்லையா, என்னோடு பேசப் பிடிக்காமல் பேசவில்லையா, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகஸ்ட் 3

நான் சமைக்கிறேன். ரசம் கரித்துவிட்டது. முன்பென்றால் தெருவுக்கே கேட்டிருக்கும். மெதுவாகக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள்.

கழுத்துத் துளையைச் சுத்தம் செய்வதை நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதற்கு மட்டும் கழுத்தைக் காட்டுகிறாள். கண் மேலே எங்கேயோ இருக்கிறது.

ஆகஸ்ட் 8

ஆடித் திருவிழா. வருஷா வருஷம் அம்மன் கோயிலுக்கு நம் செட்தான். இந்த வருஷம் முடியாது என்று சொல்லிவிட்டேன், வேறொருவன் கட்டியிருக்கிறான். காலையிலிருந்து "அன்பார்ந்த பக்தகோடி கோடி கோடிகளே" என்று ஜன்னல் அதிர்கிறது. பாவி, எவ்வளவு எக்கோ வைத்திருக்கிறான்! ஒரு சொல் ஒழுங்காகப் புரியவில்லை.

போய்க் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். "என்ன அண்ணாச்சி, நீங்களா எக்கோவைக் குறைக்கச் சொல்றீங்க?" என்று சிரித்தான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். கோயில் ஆட்கள் வந்து பிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் தவமணி வாசலில் நின்று கிழிந்த என் பாக்கெட்டைப் பார்த்தாள். ஊசியும் நூலும் எடுத்து வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லிக் கையை நீட்டினாள். தைத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13

பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியர் வந்தார். மருத்துவ விடுப்பை நீட்டித்துத் தருகிறேன், விருப்பம் என்றால் முன்கூட்டியே ஓய்வும் வாங்கிக்கொள்ளலாம் என்று நாசூக்காகச் சொன்னார். அவர் போன பிறகு தவமணி தன் புத்தகங்களை அடுக்கிப் பரண்மேல் வைக்க ஆரம்பித்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் தவம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காதில் விழாததுபோல ஒவ்வொன்றாக மேலே வைத்தாள். காதுக்கு ஒரு கேடும் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 16

சாமியிடம் கேட்பதற்குக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 20

நஸ்ரின் வந்தாள். தவமணியின் போனில் எதையோ ஏற்றிக்கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டினாள். இரண்டு குரல்கள் இருக்கின்றன.

முதலாவது அந்தச் சேலத்துப் பெண். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது. நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. இரண்டாவதை அழுத்துவதற்கு முன்னால், "சார், ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றாள்.

"பாலைவனத்தில் வெயில் அதிகம்" என்றது. கரகரப்பாக, நடுவில் உடைந்து, ஒரு சொல் தவமணியாகவும் அடுத்த சொல் வேறு யாரோ ஒருத்தியாகவும். ஆனால் "அதிகம்" என்று முடித்த விதம் இருக்கிறதே, அது இவளேதான்.

"வகுப்புக்கு முதல் குரலையே வச்சுக்கங்க டீச்சர். இது புள்ளைங்களுக்குப் பாதி புரியாது" என்றாள் நஸ்ரின்.

தவமணி தலையாட்டினாள். முதல் குரலில் ஏதோ எழுதி அழுத்தினாள். "காலை வணக்கம் பிள்ளைகளே. என் குரல் மாறியிருக்கிறது. பாடம் மாறவில்லை." நஸ்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது. தவமணி எழுந்துபோய் ஏணியை எடுத்துவந்து பரணில் சாய்த்தாள். அவள் வகுப்புக்குப் போகிறாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த இரண்டாவது குரலை அவள் திரும்ப ஒருதரம்கூட அழுத்திப் பார்க்கவில்லை. அழித்துவிடுவாள் என்று தோன்றியது.

நஸ்ரின் கிளம்பியதும் கேட்டே விட்டேன். "தவம், அந்த இன்னொரு குரலை அழிச்சிராத. உனக்கு வேண்டாம்னா என் போன்லயாவது போட்டுக் குடு. நான் பண்ணினதுக்கு நீ என்கூடப் பேசாட்டியும் சரி. நான் அந்த ஒட்டகத்தையாவது கேட்டுக்கிறேன்."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதற்கும் எழுந்துபோகவில்லை.

அழுத்தினாள். உடைந்த குரல்தான் வந்தது. ஒட்டகப் பாடம் படித்த அதே நிதானத்தோடு, கோபம் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் பேசியது.

"பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெண் போதும். வீட்டுக்கு இது. என் புருஷனைத் திட்டுறதுக்கு அடுத்தவள் குரல் எதுக்கு?"

"திட்டு" என்றேன்.

அவள் அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.